கப்பலில் வந்த அருவருப்பு

சூறாவளி அடித்த வருஷம் மிஷன் கப்பலிலிருந்து எங்கள் ஊரான வாலியாவின் கரையில் இறக்கப்பட்டவை: தேவாலயத்துக்கான தகரம், அறுத்த பலகை, ஆணிப் பெட்டிகள், சாக்கில் தைத்த பழைய துணி மூட்டைகள், அருவருப்பு. கடைசியாகச் சொன்னது தனிப் பெட்டியில் வரவில்லை, துணிகளுக்குள் இருந்தது. அவற்றை உடுத்தியவர்கள் எல்லோரும் ஒரு வாரத்துக்குள் வாந்தி எடுத்தார்கள். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. தங்கள் சாப்பாட்டைப் பார்த்து எடுத்தார்கள், தங்கள் வீட்டைப் பார்த்து எடுத்தார்கள், பக்கத்தில் படுத்திருந்த புருஷனையும் பெண்டாட்டியையும் பார்த்து எடுத்தார்கள். அந்த மாதம் எங்கள் ஊரில் மணலுக்குப் பஞ்சம் வந்தது. வாந்தியை மூடவே கரை மணல் முழுவதும் போய்க்கொண்டிருந்தது.

எங்களை அப்போது இரண்டு அரசாங்கங்கள் ஆண்டன, ஒன்று ஆங்கிலேயருடையது, ஒன்று பிரெஞ்சுக்காரருடையது. சூறாவளிக்குப் பிறகு இரண்டுமே எட்டிப் பார்க்கவில்லை. இருந்தவர் மிசி ஒருவர்தான். வெள்ளைக்காரப் போதகரை எங்கள் தீவுகளில் அப்படித்தான் சொல்வோம். முழுப் பெயர் அலிஸ்டர் டால்ரிம்பிள், நியூசிலாந்தின் தெற்குக் கோடியிலிருந்து வந்தவர். மனைவி இஸோபெல், மகள் மோரக். மகள் இங்கேயே பிறந்தவள், அதனால் எங்கள் பாஷையில் கோபித்துக்கொண்டு அவர்கள் பாஷையில் சமாதானம் ஆவாள். மிசி கெட்டவர் இல்லை. எங்கள் புண்களைக் கழுவிக் கட்டினார், எங்கள் பாஷையை இலக்கணத்தோடு பேசினார், ஒருவரையும் கைநீட்டி அடித்ததில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று ஊர் முழுவதுக்கும் கை கொடுப்பார். பிறகு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்துவார். கதவுக்குப் பின்னால் ஒரு பீங்கான் வட்டில் இருந்தது, பக்கத்தில் சிவப்பு கார்பாலிக் சோப். முழங்கை வரை கழுவி, ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். கதவுப் பலகையில் விரிசல் இருந்ததால் இது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசினால் அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

சூறாவளி ஒரு பிற்பகலில் வந்தது. ஆண்கள் கூடிக் காவா வேர்ச்சாறு குடிக்கும் நக்கமால் மண்டபத்தைத்தான் மிசி பல வருஷமாகப் பிசாசின் கொட்டகை என்று சொல்லிவந்தார். அதன் கூரை இரண்டு பக்கமும் தரையைத் தொடும், காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். அன்றைக்கு ஊர் முழுவதும் அதற்குள்தான் இருந்தது, மிசியின் குடும்பமும் சேர்த்து. பன்றிகளும் இருந்தன. ஈர உடம்பு, பயத்தில் நழுவிய மூத்திரம், பன்றிச் சாணி, இவற்றின் நடுவில் மிசி முழங்காலுக்கு இடையில் தலையை வைத்துக் கக்கினார். மூப்பர் கல்சாவ் அதைக் காலால் மண் தள்ளி மூடிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். கல்சாவின் மருமகள் லெய்வியா நிறைமாதம். வலி கண்டபோது இஸோபெல்தான் அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். குழந்தை பிறந்தபோது வெளியே காற்று தணிந்திருந்தது. பெண் குழந்தை. எல்லோரும் வெளியே வந்து பார்த்தபோது, தாத்தாக்கள் பவளக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிக் கட்டிய தேவாலயம் இல்லை. சுவர் விழுந்து சேறாகக் கரைந்து கிடந்தது. தென்னைகளுக்குத் தலை இல்லை, தோட்டங்களில் கடல் உப்பு.

அடக்கம் செய்ய வேண்டியவர்களை அடக்கம் செய்துவிட்டு, குழிகளைத் திறந்தோம். சூறாவளிக்காலத்துக்கென்று ஈரப்பலாவைத் தோலுரித்து, இலை போட்ட குழியில் புளிக்க விட்டு, கல் வைத்து மூடிவைப்பது எங்கள் வழக்கம். வருஷக்கணக்கில் கிடக்கும். திறந்தால் வருகிற வாடையைப் பற்றி நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். செத்த பூனையும் பழைய பாலும் சேர்ந்த வாடை அது. அதைப் பிசைந்து இலையில் கட்டிச் சுட்டுத் தின்றால் உயிர் நிற்கும். மோரக் விரலை நக்கி நக்கித் தின்றாள். மிசி தகர டப்பா உணவு தீரும்வரை அதையே தின்றார், தீர்ந்த பிறகு கல்சாவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“மிசி, மூக்க மூடிக்கிட்டு வாயத் திறங்க,” என்றார் கல்சாவ். “நாங்களும் சின்னதுல அப்படித்தான் பழகினோம்.”

“கர்த்தர் இதையும் உணவா குடுத்திருக்காரு,” என்று மிசி சொல்லிவிட்டு, விழுங்கினார். அவர் முதுகு முழுவதும் நடுங்கியது.

தேவாலயத்தை முதலில் எழுப்பவேண்டும் என்றார் மிசி. விழுந்த மரங்களில் நல்லவை எல்லாம் அதற்குப் போயின. நாங்கள் இலைக் குடிசைகளில் இருந்தோம். அதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. எங்களுக்கும் தேவாலயம் வேண்டியிருந்தது. ஆனால் பவளச் சுண்ணாம்பு வேண்டாம், அது அழுக்குப் பிடிக்கும், தன் நாட்டிலிருந்து பலகையும் தகரமும் வருகின்றன என்று அவர் சொன்னபோது கல்சாவ் கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு சுடும் வேலையில் வெந்த கைகள் அவை.

கப்பல் வந்தது. மூட்டைகளைப் பிரித்தபோது எழுந்த வாடையை எங்களில் சிலர் குழிகளின் வாடையோடு ஒப்பிட்டார்கள், குழிகளே தேவலை என்று முடிவானது. கற்பூர உருண்டை, பழைய வேர்வை, நாய், மூத்திரம். கம்பளிக் கோட்டுகள், அக்குளில் மஞ்சள் படிந்த சட்டைகள், ஒற்றைக் காலுறைகள், எலும்பு வைத்துத் தைத்த இடுப்புக் கச்சைகள். ஒரு கால்சட்டைப் பையில் சளி காய்ந்து பலகையாகிப்போன கைக்குட்டை. ஒரு மேலங்கியில் பல் செட்டு, அதன் இடுக்கில் இறைச்சி நார். அனுப்பியவர்கள் நல்ல மனசோடுதான் அனுப்பினார்கள் என்று மிசி சொன்னார். இருக்கலாம். நல்ல மனசோடு வீட்டைக் காலி பண்ணியிருந்தார்கள். எங்களிடம் ஒன்றுமே இல்லாததால் அந்த வெயிலில் கம்பளியைப் போட்டுக்கொண்டு நின்றோம், மிசி ஜெபித்தார், நன்றிப் பாட்டு பாடினோம்.

முதலில் கக்கியவர் கல்சாவ். அவருக்குக் கிடைத்தது ஒரு வங்கிக் குமாஸ்தாவின் கறுப்புக் கோட்டு. சுட்ட ஈரப்பலாவை வாய்க்கருகே கொண்டுபோனவர் அதை அப்படியே கீழே வைத்தார், பிறகு தன் விரல்களைப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார், எழுந்து ஓடினார். அடுத்த நாள் பாதி ஊர். பெண்கள் புருஷன் பக்கத்தில் படுக்கமாட்டேன் என்று வெளியே போனார்கள், புருஷன்கள் அதற்கு நன்றி சொன்னார்கள். ஒருவர் குடித்த சிரட்டையில் இன்னொருவர் குடிக்கவில்லை. ஊற்றில் விடிந்தது முதல் பொழுது அடையும் வரை தேய்த்துக் குளித்தார்கள், ஊற்று நுரைத்துப் போய் யாரும் குடிக்க முடியாமல் ஆனது. பிள்ளை மூக்கு ஒழுக ஓடிவந்தால் தாய் இரண்டு அடி பின்னால் போனாள். குழிகளில் உணவு நிறைய இருந்தது. அதைத் திறந்தாலே ஊர் காலியானது. கல்சாவின் தங்கைக்கு நரித்தோல் காலர் வைத்த கோட்டு விழுந்திருந்தது. அவள் நிறைந்த குழியின் பக்கத்தில் பட்டினியால் செத்தாள். மிசி அதை வயிற்றுக்கடுப்பு என்றார். அவளைக் குளிப்பாட்ட யாரும் வரவில்லை. இஸோபெல்தான் குளிப்பாட்டினாள்.

மிசிக்கு இது வேறு மாதிரித் தெரிந்தது. இத்தனை வருஷமாகச் சுத்தத்தைப் பற்றிச் சொன்னது கடைசியில் உறைத்துவிட்டது என்று நினைத்தார். மக்கள் கை கழுவுகிறார்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்வதில்லை, பன்றிகளை வேலிக்கு வெளியே விரட்டிவிட்டார்கள். தேவாலய வேலையும் பறந்தது. இலைக் குடிசையைத் தாங்கமுடியாமல் எல்லோரும் பலகையின் பக்கத்திலேயே இருக்க விரும்பினார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி இருக்கை வேண்டும், நடுவில் தடுப்பு வேண்டும் என்று கேட்டார்கள். நற்கருணைக்குத் தனித்தனிக் கிண்ணம் கேட்டார்கள். ஜன்னல் சின்னதாக இருக்கட்டும், ஊர் வாடை உள்ளே வரக்கூடாது என்றார்கள். மிசி எல்லாவற்றையும் செய்துகொடுத்தார். “பரிசுத்த ஜனம்” என்று பிரசங்கம் பண்ணினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் தொடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

லெய்வியாவுக்குக் கிடைத்தது சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை ஒன்று, கொம்புப் பித்தான் வைத்தது. அதைப் போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் அவள் குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்தினாள். குழந்தை புளித்து நாறுகிறது என்றாள். புருஷன் கல்ரோங் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மற்ற பெண்களிடம் போனான். அவர்களும் கோட்டுகளுக்குள் இருந்தார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்கள். இளநீர் விட்டான், குழந்தை கக்கியது. கடைசியில் லெய்வியா குளித்து, தலையை இறுக்கி வாரிக்கொண்டு, மிசியின் வீட்டை நோக்கி நடந்தாள். கல்ரோங் குழந்தையோடு பின்னாலேயே போய்ப் படியில் நின்றான்.

இஸோபெல் சமையலறையில் இருந்தாள். லெய்வியா கதவைத் தட்டவில்லை. நேராக உள்ளே வந்து, அலமாரித் தட்டில் ஒரு விரலை ஓட்டி, விரல் நுனியைப் பார்த்தாள்.

“இத யாரு துடைக்கிறது? யாருமில்ல போல,” என்றாள்.

பேசியது எங்கள் பாஷைதான். ஆனால் உதட்டைச் சுருக்கிய விதமும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மூக்கால் இழுத்த மூச்சும் இஸோபெலுக்குத் தெரிந்தவை. அவள் கண் சட்டையின் மேல் போனது. கொம்புப் பித்தான்களில் மூன்றாவது மட்டும் வேறு நிறம். அதைத் தைத்துக் கொடுத்தவளே இஸோபெல்தான், கல்யாணமான வருஷம், மாமியார் வீட்டில்.

“துணி வெளுக்குறவ மகளுக்கு வேற எப்படி வரும்,” என்றாள் லெய்வியா. இஸோபெலின் தாய் துறைமுகத்தில் கப்பல்காரர்களின் துணி வெளுத்தவள் என்பது வாலியாவில் யாருக்கும் தெரியாது. “என் மகன் உன்னக் கட்டினத தியாகம்னு நெனச்சான். ஏழைகளுக்காக வாழணும்னு கெளம்பினவன், வீட்டுலயே ஆரம்பிச்சுட்டான்.”

இஸோபெல் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“பிள்ளைய அடுத்த கப்பல்ல எங்கிட்ட அனுப்பு. நகத்துல அழுக்கு, வாயில காட்டுப் பாஷ. அந்த நாத்தத்தத் தின்னு தின்னு அவ மேலயும் அதே நாத்தம். நீ கெட்டது போதும்.”

“அத்தை,” என்றாள் இஸோபெல். குரல் சாதாரணமாகவே இருந்தது. “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப வருஷமா நெனச்சிருந்தேன். உங்க வீட்டுல நான் குடிச்ச டீ எல்லாம் பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருந்துச்சு. ஒவ்வொரு நாளும் நல்லா இருக்குன்னு சொன்னேன். நல்லா இல்ல.”

லெய்வியா பதில் சொல்ல வாயைத் திறந்தபோது படியில் குழந்தை அழுதது. அழுகை என்று சொல்ல முடியாது, காய்ந்த கதவு அசைகிற சத்தம் போல ஒன்று. லெய்வியாவின் முகம் கோணியது. மூக்கை முழங்கையால் மூடிக்கொண்டாள். “அத வெளிய கொண்டுபோகச் சொல்லு,” என்றாள். அதே நொடியில் அவள் மார்பில் கம்பளி நனைந்து இரண்டு வட்டங்கள் பரவின. அவள் குனிந்து அதைப் பார்த்து ஓங்கரித்தாள்.

இஸோபெல் அந்த ஈர வட்டங்களைப் பார்த்தாள். பிறகு போய் முதல் பித்தானைப் பிடித்தாள். லெய்வியா அவளைத் தள்ளினாள், அறைந்தாள், மணிக்கட்டைக் கடித்தாள். மேசை சரிந்து மாவுப் பானை உடைந்தது. கல்ரோங் உள்ளே வரவா என்று கேட்டான். “குழந்தையப் பிடிச்சுக்கோ,” என்று மட்டும் இஸோபெல் சொன்னாள். கடைசிப் பித்தான் போய், சட்டை தோளிலிருந்து இறங்கியதும் லெய்வியா மாவில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பால் அவள் வயிற்றில் வழிந்து தரையில் சொட்டியது.

“மிசிஸ், ஒங்க கையில ரத்தம்,” என்றாள்.

“நீதான் கடிச்ச.”

“நானா?” சுற்றிலும் பார்த்தாள். கல்ரோங்கைப் பார்த்தாள். “ஏன் அங்கயே நிக்கிறீங்க, கொண்டாங்க அவள.” குழந்தைக்கு முதலில் உறிஞ்சத் தெம்பில்லை. இஸோபெல் அதன் தாடையை விரலால் தடவித் தடவி விட்டாள். பிறகு குடித்தது.

மிசி சாயங்காலம் வந்தபோது இஸோபெல் நடந்ததைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“இஸோபெல், துணிக்குள்ள ஆள் இருக்காங்கன்னு நீயே சொன்னா, நான் இந்த ஜனங்களுக்கு என்னத்தப் பிரசங்கம் பண்றது? அவளுக்குப் பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனக்கலக்கம். பெண்களுக்கு வர்றதுதான்.”

“உங்கம்மா சட்டைதான். போட்டுப் பாருங்க.”

அவர் சிரித்துக்கொண்டு வாங்கிப் போட்டார். தோள் இறுக்கமாக இருந்தது, கை முழங்கைக்குக் கீழே வரவில்லை. உட்கார்ந்து டீ குடித்தார். மோரக்கிடம் வீட்டுப்பாடம் கேட்டார். அப்போது கல்ரோங் நன்றி சொல்ல வந்தான். அவனிடமிருந்த ஒரே நல்ல பொருளான கடல் ஆமை ஓடு ஒன்றை இலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். மிசி எழுந்து வாசலுக்குப் போனார், அவனைப் பெயர் சொல்லி அழைத்தார், குழந்தையை விசாரித்தார், இரண்டு கைகளாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு, வட்டிலில் தண்ணீர் ஊற்றி, முழங்கை வரை கழுவி, ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“பாத்தியா?” என்றார். “எனக்கு ஒண்ணும் ஆகல.”

“ஆமா,” என்றாள் இஸோபெல். “ஒண்ணும் ஆகல.”

அவள் அவரிடமிருந்து சட்டையை வாங்கவில்லை. அவரே கழற்றி மடித்து வைக்கும்வரை அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்தது அருவருப்புதான் என்றும், அவள் எந்தப் பழைய துணியும் உடுத்தியிருக்கவில்லை என்றும் மோரக் பெரியவளான பிறகு சொன்னாள்.

மறுநாளிலிருந்து இஸோபெலும் லெய்வியாவும் கல்ரோங்கும் வீடு வீடாகப் போனார்கள். சுலபமான வேலையாக இல்லை. கோட்டுக்குள் இருந்தவர்களுக்குக் கோட்டைக் கழற்றுவதே அசிங்கமாகப் பட்டது. கடித்தார்கள், துப்பினார்கள், எங்கள் பாஷையில் இல்லாத வசவுகளை எங்கள் பாஷையில் சொன்னார்கள். கல்சாவிடம் போனபோது அவர் எலும்பும் தோலுமாகத் தன் குடிசைக்கு வெளியே, எதையும் தொடாமல், கைகளைக் கோட்டுப் பைகளில் விட்டுக்கொண்டு நின்றிருந்தார். உட்காருவதை நிறுத்தி நாளாகியிருந்தது. மருமகள் மாமனாரைத் தொடக்கூடாது என்பதால் லெய்வியா தள்ளி நின்றாள். கல்ரோங் அப்பாவைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொள்ள, இஸோபெல் பித்தான்களைக் கழற்றினாள். கோட்டு விழுந்ததும் கல்சாவ் மகன்மேல் சாய்ந்து அழுதார்.

“யாரோ ஒருத்தர் எனக்குள்ள உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு, மிசிஸ்,” என்றார். “நல்ல மனுஷன்தான். யாருக்கும் கெடுதல் நெனைக்கல. ஆனா என்னப் பாத்தா அவருக்குத் தாங்கல.” பிறகு தங்கையைப் பற்றிக் கேட்டார். சொன்னார்கள். யார் குளிப்பாட்டினது என்று கேட்டார். அதையும் சொன்னார்கள். அதன் பிறகு சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்றார்.

கடைசிக் கோட்டும் கழன்றபோது தேவாலயத்துக்குக் கடைசி ஆணியும் அடித்தாயிற்று. பிரதிஷ்டைக்கு நியூசிலாந்திலிருந்து சபைத் தலைவரும், துணி சேகரித்து அனுப்பிய சீமாட்டிகளும் வருவதாக இருந்தது. மூட்டைகளை என்ன செய்வது என்று நக்கமாலில் பேசினோம். எரிக்கலாம் என்றான் கல்ரோங்.

“எரிச்சா பொக அடுத்த தீவுக்குப் போகும்,” என்றார் கல்சாவ். “அவங்க நமக்கு என்ன கெடுதல் பண்ணாங்க? கடல்ல போட்டா மீனு பட்டினி கெடக்கும். வர்றவங்க அவங்கவங்களோடத எடுத்துக்கட்டும்.”

அதனால் துணிகளைத் துவைத்து மடித்து, தடுப்பு வைத்த இருக்கைகளில் ஆளுக்கொன்றாக வைத்துவிட்டு, நாங்கள் தாழை ஓலைப் பாயையும் வாழைநாரையும் இடுப்பில் சுற்றிக்கொண்டு வெளியே நின்றோம். கப்பல் வந்தது. சீமாட்டிகள் வெள்ளைக் கையுறையோடு மணலில் இறங்கினார்கள். எங்களைப் பார்த்ததும் ஒரு முகம் வந்தது, வந்த வேகத்தில் மறைத்துப் புன்னகை வைத்துக்கொண்டார்கள். அந்த முகத்தை எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதம் நாங்களே அதை வைத்திருந்தோம்.

மிசி எங்களை உள்ளே வரச் சொன்னார். கெஞ்சினார் என்றே சொல்லலாம். “துணி உள்ளதான் இருக்கு, மிசி, அதுங்களே ஆராதனை பண்ணட்டும். எங்களுக்கு இங்க காத்து நல்லா இருக்கு,” என்றார் கல்சாவ். அதனால் வந்தவர்களும் மிசியும் மட்டும் உள்ளே போனார்கள். முதல் பாட்டின் இரண்டாவது அடியில் தேவாலயம் ஓங்கரித்தது. முதலில் ஏதோ ஒரு சீமாட்டிக்கு முடியவில்லை என்று நினைத்தோம். இல்லை, பலகைச் சுவர்கள்தான். உள்ளே இழுத்து, வெளியே தள்ளி, அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி நீண்ட சத்தம். தகரக் கூரை அதிர்ந்தது. ஆணி அடித்த ஓட்டைகளிலிருந்து மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்காக ஒன்று வழிந்து படிகளில் இறங்கியது. சபைத் தலைவர் பாட்டை முடிக்கவில்லை. கையுறைகளை மூக்கில் வைத்துக்கொண்டு எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். டீயும் கேக்கும் அப்படியே கிடந்தன, ஈ மொய்த்தது, பன்றிகள்கூடத் தொடவில்லை.

ஒரே ஒருத்தி மட்டும் பின்தங்கினாள். வயதான விதவை. கல்சாவ் போட்டிருந்த கறுப்புக் கோட்டை இருக்கையிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அந்த நாற்றத்தின் நடுவில் நின்று, அதன் காலரில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். கல்சாவ் பக்கத்தில் போனார். இருவருக்கும் பொதுப் பாஷை கிடையாது. அவள் கோட்டைக் காட்டி ஒரு பெயர் சொன்னாள். கல்சாவ் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினார், ஆமாம், அவரைத் தெரியும் என்கிற மாதிரி. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அவருக்குக் கை கொடுத்தாள். கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

மிசியும் அந்தக் கப்பலிலேயே கிளம்பினார். உடம்பு தேறிவர ஒரு வருஷ விடுப்பு என்று சபைத் தலைவர் ஏற்பாடு செய்துவிட்டார். படகில் ஏறி நின்றுகொண்டு, தண்ணீரில் நின்ற மோரக்கை நோக்கிக் கையை நீட்டினார். அவள் அப்போதுதான் குழி ஈரப்பலாவைத் தின்றுவிட்டு வந்திருந்தாள். விரல், முகவாய், முன்சட்டை எல்லாம் பிசுபிசுவென்று அதே வாடை. மிசியின் கை பாதியில் நின்றது. மறு கையால் கைக்குட்டையைத் தேடினார். அவர் அதை எடுத்து விரிப்பதற்குள் இஸோபெல் தண்ணீரில் இறங்கி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“இஸோபெல்,” என்றார் மிசி. “சும்மா துடைக்கத்தான்.”

“தெரியும்,” என்றாள் அவள். “நீங்க போயிட்டு வாங்க.”

அவர் திரும்பி வரவில்லை. தன் நாட்டில் பெரிய பேச்சாளராகி, எங்களைப் பற்றி ஊர் ஊராகப் பேசினார் என்றும், ஒரு வார்த்தைகூட எங்களைக் குறைத்துச் சொன்னதில்லை என்றும், ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் கழுவிக் கழுவிக் கடைசியில் உள்ளங்கைத் தோல் உரிந்துபோனது என்றும் கேள்விப்பட்டோம். இஸோபெல் இங்கேயே புண் கட்டிக்கொண்டு, பிரசவம் பார்த்துக்கொண்டு, டீயைத் தன் இஷ்டத்துக்குக் கெட்டியாகப் போட்டுக் குடித்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தாள். அவள் செத்தபோது குளிப்பாட்ட ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வந்ததில் இடம் போதாமல் சண்டை வந்தது. மோரக் நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸானாள். இரண்டு அரசாங்கங்களும் ஒரே நாளில் கொடியை இறக்கிக்கொண்டு போயின.

நக்கமாலுக்குப் பக்கத்தில் பவளக்கல்லைச் சுட்டு வேறு தேவாலயம் கட்டிக்கொண்டோம். பலகைத் தேவாலயத்தை யாரும் இடிக்கவில்லை. இடிக்கப் போனால் அது கக்கும் என்பதால் விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், சரியாக ஆராதனை நேரத்தில், அது உள்ளே இருக்கும் துணிகளோடு இரண்டு தடவை ஓங்கரிக்கும், ஆணி ஓட்டைகளில் மஞ்சளாக வழியும். அதைச் சுற்றிப் புல்கூட முளைப்பதில்லை. வேறு தீவிலிருந்து புதிதாக வந்த போதகர் ஒருவர் முதல் ஞாயிறு பிரசங்கத்தை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார். அது ஒன்றும் இல்லை, நீங்கள் மேலே சொல்லுங்கள் என்றார்கள். எங்கள் பெண்கள் ஞாயிறு விடிந்ததும் சேனையை அரைத்துத் தேங்காய்ப்பால் விட்டு, இலையில் கட்டிச் சுட்ட கற்களுக்கு அடியில் புதைத்துவிட்டு ஆராதனைக்கு வருகிறார்கள். பழைய தேவாலயம் முதல் தடவை ஓங்கரிக்கும்போது திறந்தால் நடுவில் வேகாமல் மாவாக இருக்கும். இரண்டாம் தடவைக்குப் போய்த் திறந்தால் பதமாக வெந்திருக்கும்.